அந்த இருநூற்று நாற்பத்தெட்டுப் பேர்

மக்கா, இதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. ஆபீஸில் கைக்கு வந்தால் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோ. போனிலேயே சொல்லியிருக்கலாம். நான்கு நாளாக உன்னைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நீ "என்னப்பா" என்றதும், "சாப்பிட்டியா, அங்கன மழை உண்டுமா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். நேற்று உன் அம்மா பொறுக்கமாட்டாமல், "வாயால சொல்ல வரலைன்னா எழுதித் தொலைங்க. திங்கக்கிழமைக்கு முன்னால அவன் கையில கிடைக்கணும்" என்றாள். முப்பத்தைந்து வருடமாகப் பூக்கடையில் எடைச்சீட்டைத் தவிர நான் எதையும் எழுதியதில்லை. முன்னதும் பின்னதுமாகத்தான் வரும். பொறுத்துக்கொள்.

திங்கட்கிழமை கோயம்புத்தூரில் நீ ஒரு கையெழுத்துப் போடப் போகிறாய். இருபது கிலோ பூப் பிடிக்கிற பெரிய பெட்டிக்கு மோல்டு, அதான் வார்ப்பு அச்சு, அடிக்க ஒப்பந்தம். அதற்காக எட்டு வருடச் சம்பளத்தில் வாங்கிப் போட்ட மனையை விற்றிருக்கிறாய். கையெழுத்தான அன்றே வேலையையும் விட்டுவிடுவேன் என்கிறாய். இவ்வளவுக்கும் உனக்கிருக்கிற தைரியம், போன வருடம் இணையத்தில் உன் பெட்டிக்கு முன்பணம் கட்டிய முந்நூற்று ஆறு பேர். அதில் இருநூற்று நாற்பத்தெட்டுப் பேரை நான்தான் கட்ட வைத்தேன். அவர்களுக்கு உன் பெட்டி வேண்டியிருக்கவில்லை. என்னிடம் வேண்டாம் என்று சொல்ல அவர்களால் முடியவில்லை. சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மீதியைப் படிக்க மனமில்லையென்றால் இங்கேயே நிறுத்திக்கொள். ஆனால் திங்கட்கிழமை கையெழுத்தை மட்டும் போடாதே.

போன வருடப் பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது கடையில் எனக்கு அந்தப் படத்தைப் போனில் காட்டினாய். வெள்ளைப் பெட்டி, உள்ளே ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர்வித்துச் செருகுகிற பலகை, மல்லிகை மொட்டு பன்னிரண்டு மணி நேரம் விரியாமல் இருக்கும் என்றாய். "பெட்டி எங்கலே?" என்றேன். "இன்னும் செய்யலப்பா, மாதிரிக்கு ஒண்ணுதான் இருக்கு" என்றாய். "செய்யாத பெட்டிக்கு எவம்லே துட்டுத் தருவான்?" என்று நான் சிரித்தேன். நீ கோபப்படவில்லை. "தந்தா செய்வேன். முப்பது நாளுக்குள்ள முந்நூறு பேரு சேரலைன்னா எல்லாருக்கும் துட்டு திரும்பப் போயிரும். துட்டு ரெண்டாவதுதாம்ப்பா. இது வேணுமா வேண்டாமான்னு முகம் தெரியாத ஆளு சொல்லணும். அதுக்குத்தான் இந்தக் கிரவுட் ஃபண்டிங்" என்றாய். அன்று முழுவதும் அதுதான் மனதில் ஓடியது. நான் சரக்கை அழுகவிட்டுப் படித்த பாடத்தை இவன் ஒரு மொட்டுகூட அழுகாமல் படித்துக்கொள்ள வழி கண்டுபிடித்திருக்கிறானே என்று. பெருமையாகத்தான் இருந்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை.

அந்தப் பாடம் என்னவென்று உனக்குத் தெரியாது. பஸ் கூரையிலிருந்து பூச்சாக்கு இறக்கிக்கொண்டிருந்த நான் முதன்முதலில் சொந்தமாக ஒரு சின்னப் பூக்கடை போட்டேன். நம் பக்கத்தில் புதுக்கடை திறந்தால் வேண்டியவர்கள் முதல் நாள் போய் ஏதாவது வாங்காமல் வரமாட்டார்கள்; விலையும் பேசமாட்டார்கள். மாமன், மச்சான், என்னோடு சாக்கு இறக்கியவர்கள், அவர்கள் பெண்டாட்டிமார் எல்லாரும் வந்து மத்தியானத்துக்குள் பதினைந்து கிலோ மல்லிகையை வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. மறுநாள் இருபத்தைந்து கிலோ பிடித்தேன். ஒரு ஆள் வரவில்லை. பத்து மணிக்கெல்லாம் மொட்டு விரிந்துவிட்டது, சாயங்காலம் பழுப்பேறிவிட்டது. ஓடையில் கொண்டுபோய்க் கொட்டினேன். ஒரு வாரம் சட்டையில் அந்த அழுகல் வாடை போகவில்லை. முதல் நாள் வந்தவர்கள் எனக்காக வந்தவர்கள். பூவுக்காக வருகிறவன் இரண்டாம் நாள்தான் வருவான். அதற்குப் பிறகு எந்த வியாபாரத்திலும் முதல் நாளை நான் கணக்கில் சேர்த்ததே இல்லை. அப்படிப்பட்டவன்தான் உனக்கு இதைச் செய்தேன்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். உன் பெட்டி விவசாயிக்குத் தேவைப்படாது என்று நீ படம் காட்டிய அன்றே எனக்குத் தெரியும். சிவகிரிப் பக்கத்திலிருந்து பூக் கொண்டுவருகிறவன் விடியும்போது பறித்து, ஈரச்சாக்கில் கட்டி, முதல் பஸ்ஸில் ஏற்றினால் ஒரு மணி நேரத்தில் என் தராசில் வைத்துவிடுவான். வைத்த பிறகு மொட்டு விரிந்தால் அது என் கஷ்டம், அவன் கஷ்டமில்லை. அவன் எதற்குப் பெட்டி வாங்க வேண்டும்? இதை ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்றால், அதுவரை நீ கேட்ட எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று சொன்னவன் நான். படம் வரைகிற படிப்புக்குப் போகிறேன் என்றாய், வேண்டாம் என்று இன்ஜினியரிங்கில் தள்ளினேன். சென்னை வேலை வேண்டாம் என்றேன். நீ காட்டிய பெண்ணையே முதலில் வேண்டாம் என்றேன். இன்று அவள்தான் என் மாத்திரையை வேளை பார்த்துப் போனில் ஞாபகப்படுத்துகிறாள். எதையும் யோசித்துச் சொல்லவில்லை, வாய்ப்பழக்கம். இந்த ஒன்றிலாவது குறுக்கே நிற்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டிய ஒரே இடம் அதுதான்.

நீ வைத்த முப்பது நாளில் இருபத்திரண்டாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. நீ வீட்டுக்கு வந்திருந்தாய். ஐம்பத்தெட்டுப் பேர் சேர்ந்திருந்தார்கள். இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டாய். "என்னலே, உடம்புக்குச் சரியில்லையா?" என்று உன் அம்மா கேட்டதற்கு, "ஒண்ணுமில்லம்மா. ஆளுகளுக்கு வேண்டாம் போல இருக்கு. அதத் தெரிஞ்சுக்கிட்டதும் நல்லதுதான்" என்றாய். நீ நிதானமாகத்தான் சொன்னாய். உனக்கு அந்தப் பதிலைத் தாங்கிக்கொள்ளத் தெம்பிருந்தது. எனக்குத்தான் இல்லை. பஸ் ஸ்டாண்டில் உன்னை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, எங்கள் மார்க்கெட்டில் என்னைப்போலவே பூவுக்குக் கமிஷன் கடை வைத்திருக்கிற ஆள் எதிரே வந்தார். "என்னவே, ஒம்ம மவன் போன்ல ஊரெல்லாம் கையேந்துதானாமே? ஒம்மகிட்ட இல்லாத துட்டா?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். அது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. உனக்காகச் செய்தேன் என்று இதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி உனக்காக. பாதி அந்த ஆளுக்காக.

மறுநாள் காலையில் முதல் சாக்கைத் தராசில் வைத்தவர் கோமதிநாயகம். உனக்குத் தெரியும், சிவகிரிக்காரர், காது மடலில் பீடி சொருகியிருப்பாரே, அவர்தான். முப்பது வருடமாக என்னிடம் பூப்போடுகிறவர். தராசில் எண் ஓடிக்கொண்டிருந்தது.

"வே, என் பையன் பூவுக்கு ஒரு பெட்டி செய்யுதான். தொள்ளாயிரம் ரூவா. ஒண்ணு ஒம்ம பேருக்குப் போட்டுருவமா?"

"போட்டுருங்க அண்ணாச்சி."

"என்ன பெட்டின்னு கேக்கலியேவே?"

"நீங்க சொன்னா சரியாத்தான இருக்கும்."

அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. தராசில் ஓடுகிற எண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கழிவுக்கு எவ்வளவு பிடிப்பேன், ஈரத்துக்கு எவ்வளவு பிடிப்பேன் என்பதெல்லாம் என் வாயில் இருக்கிறது. அன்றைய விலையும் என் வாயில்தான் இருக்கிறது. அந்த இடத்தில் நின்றுகொண்டு ஒரு மனுஷன் என்னிடம் எப்படி வேண்டாம் என்பான்? கடையில் சீட்டெழுதுகிற சண்முகம் அவர் போனை வாங்கி, உன் பக்கத்தைத் திறந்து, நீ அடையாளம் கண்டுவிடாதபடி அவர் வீட்டில் வேறொருவர் பெயரைப் போட்டு, கடைக் கணக்கிலிருந்து பணத்தைக் கட்டினான். நான் அதை அன்றைய பூப்பணத்தில் பிடித்துக்கொண்டேன். ஐந்து நாள், பூக் கொண்டுவந்தவர் ஒருவரையும் விடவில்லை. இருநூற்று நாற்பத்தெட்டு. ஒருவர்கூட முடியாது என்று சொல்லவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நிஜமான சந்தையில் பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நீ கூப்பிட்டாய். "அப்பா, முந்நூறு தாண்டிட்டுப்பா! அஞ்சே நாள்ல! எல்லாம் முகம் தெரியாத ஆளுகப்பா!" என்று கத்தினாய். கல்யாணத்தன்றுகூட நீ அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்க்கவில்லை. எனக்கு அவர்கள் ஒவ்வொருவர் முகமும் தெரியும், மக்கா. "நல்லது" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் நான் சொன்ன பொய். அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் அதைக் காப்பாற்றச் சொன்னது. பிறகு நீ பட்டியலைப் பார்த்துவிட்டு, "நம்ம பக்கத்து விவசாயிகதாம்ப்பா அதிகம். அப்ப நம்ம ஆளு யாருன்னு தெரிஞ்சிட்டு. அடுத்தது பெருசாச் செய்யணும், சாக்குக்குப் பதிலாப் போறாப்ல" என்றாய். இந்த இருபது கிலோப் பெட்டி அங்கேதான் பிறந்தது. ஒரு பொய்யைச் சொன்னால் அது சும்மா இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது உன் கையைப் பிடித்து வேறு பாதையில் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

பட்டறையில் கையால் செய்த பெட்டிகள் சொன்ன தேதிக்கு எல்லாருக்கும் வந்து சேர்ந்தன. நீ வாக்குத் தவறவில்லை. போன மாதம் கோமதிநாயகம் வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து, போயிருந்தேன். முற்றத்தில் உன் பெட்டி இருந்தது. மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளே வைக்கோல் போட்டு, பதினோரு கோழிக்குஞ்சு. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவர் பதறிக்கொண்டு வந்தார். "நல்ல பெட்டி அண்ணாச்சி! குஞ்சுக்கு என்னமாக் கதகதப்பு காக்குதுங்கீக!" குளிர வைக்கச் செய்த பெட்டியை ஒரு மனுஷன் கதகதப்புக்காகப் புகழ்கிறான், அதையும் எனக்குப் பயந்து புகழ்கிறான். பக்கத்து வீட்டுப் பரணில் இன்னொரு பெட்டி வந்த பாலிதீன்கூடப் பிரிக்காமல் இருந்தது. பந்தியில் உட்காரவில்லை. மொய்யை எழுதிவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்துக் கடையநல்லூரிலிருந்து ஒரு அம்மாள் கடைக்கு வந்தார். மைமூன் என்று பெயர். என்னிடம் வாரத்துக்கு மூன்று நாள் உதிரி மல்லிகை வாங்கிப்போய், வீட்டில் வைத்துக் கட்டி விற்கிறவர், புருஷன் துபாயில். கையில் உன் பெட்டியின் மூடி. மேஜையில் டொக்கென்று வைத்தார். "அண்ணாச்சி, இது ஒங்க மவன் செஞ்சதாமே? பெட்டியில போன் நம்பரு போட்டிருக்கு, அடிச்சா எடுக்கவே மாட்டேங்காவ. கொக்கி ரெண்டே மாசத்துல ஒடஞ்சிட்டு. தொள்ளாயிரம் ரூவா வாங்கத் தெரியுதுல்லா?" என்றார். "யாரும்மா ஒங்களை வாங்கச் சொன்னது?" என்று கேட்டேன். "யாரு சொல்லணும்? எம் மவன் போன்ல காட்டுனான், நாந்தான் கட்டச் சொன்னேன். மிச்சப் பூவ மறுநா காலையில விக்கமுடியுதே! ஆனா இம்மாம் பெருசு எதுக்கு? தூக்குதவளுக்கு இடுப்பு போயிரும். இதுல பாதி அளவுல செய்யச் சொல்லுங்க. எங்க தெருவுல மட்டும் நாலு பேரு கேக்காவ." திட்டிக்கொண்டே போனார்.

யோசித்துப் பார். என் ஆட்கள் இருநூற்று நாற்பத்தெட்டுப் பேரில் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. வேண்டாத சாமானில் யாருக்கும் கொக்கி உடையாது. வேண்டியவர்தான் மூடியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்து சண்டை போடுவார். அன்றைக்குச் சண்முகத்தை வைத்து நீ அப்போது போனில் அனுப்பியிருந்த பட்டியலில் என் ஆட்களை அடித்துவிட்டு, மிச்சம் ஐம்பத்தெட்டுப் பேரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். முப்பத்தொரு பேர் பேசினார்கள். அதில் விவசாயி இரண்டே பேர். மற்றவர்கள் வீட்டில் பூக் கட்டுகிறவர்கள், தெருவில் கூடையில் விற்கிறவர்கள், கோயில் வாசலில் மாலை கட்டுகிற ஒருவர், கல்யாண அலங்காரம் செய்கிற ஒரு பெண். முக்கால்வாசிப் பேர் ஒன்றையேதான் சொன்னார்கள்: பெட்டி சின்னதாக வேண்டும், தூக்கப் பிடி வேண்டும், கொக்கி உடைகிறது. யார் யார் என்ன சொன்னார்கள் என்று பின்னால் இருக்கிற தாளில் சண்முகம் எழுதியிருக்கிறான். நீ கேட்ட பதில் அந்தத் தாளில் இருக்கிறது, மக்கா. நீ ஒழுங்காகத்தான் கேள்வி கேட்டாய். பதிலும் ஒழுங்காகத்தான் வந்தது. நடுவில் நின்று கூச்சல் போட்டு அதை உன் காதில் விழாமல் செய்தது நான்.

ஐம்பத்தெட்டை வைத்துக்கொண்டு தொழிலில் இறங்கு என்று நான் சொல்லவில்லை. இறங்காதே என்றும் சொல்லவில்லை. அது இனி உன் பாடு. மோல்டை நிறுத்து, வேலையை விடாதே, சின்னப் பெட்டிக்கு மறுபடி ஒரு முப்பது நாள் வைத்துப் பார் என்பதுதான் வியாபாரியாக எனக்குத் தோன்றுவது. அப்படி வைத்தால் எனக்குத் தெரியாமல் வை. என் போனுக்கு அந்தப் பக்கத்தை அனுப்பாதே. பார்த்தால் கை சும்மா இருக்காது.

பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன். என் கைப்பணம்தான், உன்னிடம் கேட்கமாட்டேன். அதுவும் நினைத்தபடி நடக்கவில்லை. போன வாரம் மார்க்கெட்டில் நின்று, "பெட்டி வேண்டாம்னு இருக்கிறவக கொண்டாந்து குடுத்துட்டு தொள்ளாயிரத்த வாங்கிக்கிடுங்க" என்று சத்தம் போட்டுச் சொன்னேன். ஒரு பெட்டி வரவில்லை. "இல்ல அண்ணாச்சி, நல்லா ஒழைக்குது அண்ணாச்சி" என்கிறார்கள். நான் ஆழம் பார்க்கிறேன் என்று பயப்படுகிறார்கள். வீட்டில் வந்து சொன்னேன். உன் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, "வேண்டாம்னு சொல்ல நீங்க யாருக்கு எடம் குடுத்திருக்கீங்க, இவங்க சொல்லுததுக்கு?" என்றாள்.

அதனால் யாரையும் கேட்காமல் வீடு வீடாகப் போகிறேன். பணத்தை முதலில் கையில் கொடுத்துவிட்டு, பெட்டியை நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். ஒரு நாளைக்கு ஒரு ஊர்தான் முடிகிறது. பஸ் படி ஏறும்போது முழங்கால் பிடித்துக்கொள்கிறது. கடைக்குப் பின்னால் இதுவரை நாற்பத்திரண்டு பெட்டி அடுக்கியிருக்கிறது. நேற்று கோமதிநாயகம் வீட்டுக்குப் போனேன். பணத்தைக் கையில் வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கக் குனிந்தேன். அவர் குறுக்கே வந்து நின்றார். பணத்தை என் சட்டைப் பையிலேயே திருப்பிச் செருகினார்.

"அதத் தர முடியாது அண்ணாச்சி."

"ஏம்வே?"

"குஞ்சுக்கு இன்னும் றெக்க முழுசா முளைக்கல. இத எடுத்தா அதுகள எங்கன வைக்க? துட்டு வேண்டாம், நீங்க கெளம்புங்க."

சொல்லிவிட்டு அவரே ஒரு நிமிஷம் திகைத்துப் போய்விட்டார். பீடியைக் காதிலிருந்து எடுத்தார், மறுபடி சொருகினார். முப்பது வருடத்தில் அந்த மனுஷன் என்னிடம் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் விற்ற இருநூற்று நாற்பத்தெட்டில் நிஜமாகவே விற்பனையானது அந்த ஒன்றுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஏனோ நன்றாகத் தூக்கம் வந்தது.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை கூப்பிடு. ஏச வேண்டியதையெல்லாம் ஏசு. இந்தத் தடவை மழை உண்டுமா என்று கேட்டு வைத்துவிட மாட்டேன். நீ முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்பா